பல்கலைக்கழகத்தின் காலநிலை நிதி: கொதிகலனுக்கா, ஆய்வுக்கா, வகுப்பறைக்கா?

காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் ஐந்தாண்டுக்கு ஒரு தொகையை ஒதுக்குகிறது. மறுவாரமே இழுபறி தொடங்கிவிடும். பராமரிப்புப் பொறியாளருக்குப் பழைய கொதிகலனை மாற்ற வேண்டும். நிதி அதிகாரிக்கு, வெளியிலிருந்து கார்பன் வரவுகளை (வேறெங்கோ உமிழ்வைக் குறைத்ததாகச் சொல்லும் சான்றிதழ்களை) வாங்கி இந்த ஆண்டே ‘நிகர பூச்சியம்’ என்று அறிவித்துவிட ஆசை. ஆய்வுப் புலத் தலைவர் பேட்டரி ஆய்வகம் கேட்கிறார். கல்விப் புலத்தில் புதிய பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும். நால்வர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நால்வருக்கும் சமமாகப் பங்கிட்டால் நான்கும் அரைகுறையாக நிற்கும் என்பதும் உண்மை.

இதில் எதை முதலில் வைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 2018-இல் பொருளாதாரத்துக்கான நோபல் நினைவுப் பரிசை வில்லியம் நார்ட்ஹாஸும் பால் ரோமரும் பகிர்ந்துகொண்டார்கள். முன்னவர் காலநிலையைப் பொருளாதார வளர்ச்சிக் கணக்குக்குள் கொண்டுவந்தவர். வளர்ச்சியைத் தள்ளுவது புதிய யோசனைகள் என்று காட்டியவர் பின்னவர்: ஒரு டன் இரும்பை ஒருவர் எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு இல்லை, ஒரு செய்முறையை ஆயிரம் பேர் எடுத்தாலும் அது குறைவதில்லை. பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் குறைக்கும் ஒரு டன் கார்பன் ஒரு டன்தான். குறைத்த விதத்தை, தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து எழுதி வெளியிட்டால் அது பெருகும். ஆகவே ஒவ்வொரு தேர்விடமும் இரண்டு கேள்வி கேட்கிறோம். அளந்து காட்ட முடியுமா? அடுத்தவர் எடுத்துச் செய்ய முடியுமா?

முதலில் ஒரு பெருக்கல்

ஜப்பானிய அறிஞர் யோய்ச்சி காயாவின் பெயரால் வழங்கும் ஒரு சமன்பாடு இருக்கிறது. உமிழ்வு என்பது நான்கு எண்களின் பெருக்கல்: மக்கள்தொகை, தலைக்கு வருமானம், வருமானத்தில் ஓர் அலகுக்குச் செலவாகும் ஆற்றல், ஆற்றலில் ஓர் அலகுக்கு வெளியாகும் கார்பன். முதல் இரண்டின் பெருக்கல்தான் பொருளாதாரம். அது ஆண்டுக்கு 3% வளர வேண்டும், உமிழ்வு ஆண்டுக்கு 5% குறைய வேண்டும் என்றால், 0.95-ஐ 1.03-ஆல் வகுத்துப் பாருங்கள்: பின்னிரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 7.8% சரிய வேண்டும். உலக அளவில் அந்தச் சரிவு நெடுங்காலமாக 2%-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருந்துவருகிறது. முடியாத காரியம் என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டன் 1990-க்கும் 2022-க்கும் இடையில் உள்நாட்டு உமிழ்வைப் பாதியாக்கியது. அதே காலத்தில் அதன் பொருளாதாரம் ஏறக்குறைய 80% வளர்ந்தது. ஆனால் இறக்குமதிப் பொருள்களுக்காக வேறு நாடுகளில் வெளியான புகை அந்தக் கணக்கில் இல்லை. நிலக்கரியை விட்டு விலகிய ஆதாயமும் ஒருமுறைதான் கிடைக்கும்.

இதே பெருக்கலை வளாகத்துக்கும் போடலாம்: மாணவர் எண்ணிக்கை, மாணவருக்கு எத்தனை சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு எவ்வளவு ஆற்றல், ஆற்றலுக்கு எவ்வளவு கார்பன். கட்டடப் பரப்பு ஆண்டுக்கு 2% கூடினால் பத்தாண்டில் 22% கூடிவிடும். அதே பத்தாண்டில் பாடுபட்டு ஆற்றல் செலவைச் சதுர மீட்டருக்கு 20% குறைத்தாலும், 1.22-ஐ 0.8-ஆல் பெருக்க 0.976 வருகிறது. பத்தாண்டு உழைப்பில் மிஞ்சியது 2.4%.

அதனால் பணத்தைத் தொடும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க ஒவ்வொரு வகுப்பறையிலும் மணிக்கு மணி ஆள் இருந்தார்களா என்று பதிவு செய்யுங்கள். கால அட்டவணையில் ‘நிரம்பியது’ என்று இருக்கும் அறைகள் பிற்பகலில் காலியாகக் கிடப்பது இந்தப் பதிவில்தான் தெரியவரும். கட்டாமல் விட்ட கட்டடத்துக்குச் சிமென்ட்டும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். திறப்பு விழாவும் கிடையாது என்பதால்தான் யாரும் இதை முன்மொழிவதில்லை.

வளாகத்தைச் சரிசெய்வது

குளிர் உள்ள நாடுகளின் பெரிய வளாகங்களில் நேரடி உமிழ்வின் பெரும்பங்கு வெப்பமூட்டலில் இருந்து வருகிறது. மையக் கொதிகலன் கூடத்திலிருந்து நீராவி நிலத்தடிக் குழாய் வழியே போகும் பழைய அமைப்பில், ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வழியிலேயே வீணாவது சகஜம். வெப்பக்காப்பு நைந்த குழாய், திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஸ்டீம் டிராப் (நீரை வெளியேவிட்டு நீராவியைத் தடுக்கும் வால்வு), நீராவி குளிர்ந்து உருவாகி கொதிகலனுக்குத் திரும்பி வராத கன்டென்சேட் நீர் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

இதற்கு மாற்று, நீராவியை விட்டுவிட்டு வெந்நீர்க் குழாய்க்கு வருவதும் ஹீட் பம்ப் (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இறைத்து இன்னோரிடத்துக்குத் தரும் மின் கருவி) வைப்பதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015-இல் தன் எரிவாயு மின்நிலையத்தை மூடியது. குளிரூட்டும்போது கட்டடங்களிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வெந்நீராக்கும் சில்லர்களை (குளிரூட்டும் இயந்திரங்களை) அதன் இடத்தில் வைத்தது. ஒரே நேரத்தில் ஒரு கட்டடத்துக்குக் குளிரும் இன்னொன்றுக்குச் சூடும் தேவைப்படுகிற வளாகங்களில்தான் இது பலிக்கும். உங்கள் வளாகம் அப்படிப்பட்டதா என்று அறிய, ஓராண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பத் தேவை, குளிர்த் தேவை இரண்டையும் அருகருகே எழுதி, ஒவ்வொரு வரியிலும் சிறியதை எடுத்துக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் நீங்கள் திருப்பி எடுக்கக்கூடிய வெப்பத்தின் அளவு. ஆய்வகமும் கணினிக் கூடமும் உள்ள இடங்களில் குளிர்காலத்திலும் குளிர்த் தேவை இருக்கும். விடுதிகள் மட்டுமே உள்ள வளாகத்தில் கூட்டுத்தொகை மிகச் சிறியதாக வரும். அங்கே இந்தத் திட்டத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2009-இல் வேறு வழியைத் தொடங்கியது. சுமார் 3,600 ஆழ்துளைகள் போட்டு நிலத்தையே வெப்பக் கிடங்காக்கி, நிலக்கரிக் கொதிகலன்களை ஓய்வெடுக்க வைத்தது. நிலத்தடி அமைப்பில் மெதுவாக வெளிப்படும் கோளாறு ஒன்று உண்டு. கோடையில் நிலத்துக்குள் செலுத்தும் வெப்பமும் குளிர்காலத்தில் எடுக்கும் வெப்பமும் ஏறத்தாழச் சமமாக இல்லாவிட்டால், நிலத்தின் வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு ஒரே பக்கமாக நகரும். முதல் மூன்று ஆண்டு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஏழாம் எட்டாம் ஆண்டில் ஹீட் பம்ப்பின் திறன் சரிவது மின் கட்டணத்தில் தெரியும். எனவே துளைகளுக்கு நடுவே சில கண்காணிப்புத் துளைகளை முதல் நாளிலேயே போட்டு வெப்பநிலையைப் பதிவு செய்வது கட்டாயம்.

இன்னொரு பொறி ரேடியேட்டரில் இருக்கிறது. 80 டிகிரியில் உள்ளே போய் 60 டிகிரியில் வெளியே வரும் வெந்நீருக்கு வடிவமைத்த ரேடியேட்டரில், 20 டிகிரி அறைக்கும் நீரின் சராசரி வெப்பநிலைக்கும் வேறுபாடு 50 டிகிரி. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட 55-க்கு 45 என்று இறக்கினால் வேறுபாடு 30 ஆகிறது. வெப்பம் அந்த விகிதத்தின் 1.3 அடுக்காகக் குறையும். அதாவது பழைய வெப்பத்தில் பாதிதான் கிடைக்கும். பல கட்டடங்களில் ரேடியேட்டர்கள் தேவைக்கு மேல் பெரிதாகவே போடப்பட்டிருப்பதால் இது சமாளிக்கக்கூடியதுதான். ஊகிக்க வேண்டாம். பழைய கொதிகலன் இருக்கும்போதே, மிகக் குளிரான வாரத்தில் நீரின் வெப்பநிலையை 55-க்கு இறக்கிப் பாருங்கள். எந்த அறைகளில் குளிர் என்று புகார் வருகிறதோ அந்த அறைகளின் பட்டியல்தான் மாற்ற வேண்டிய ரேடியேட்டர்களின் பட்டியல்.

மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். எரிவாயுக் கொதிகலன் ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்குச் சுமார் 0.22 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப், மின்வலையின் உமிழ்வு கிலோவாட் மணிக்கு 0.66 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் அதை வெல்லும். நிலக்கரியே பிரதானமான மின்வலையில் இந்த எண்ணை நெருங்கிவிடும். அங்கே அவசரப்பட வேண்டாம்; கீழே வரும் ஆய்வக வேலைகளை முதலில் முடிக்கலாம்.

அதற்கு நேர்மாறாக, கொதிகலனின் ஆயுள் முடியப் போகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. புதிதாக ஒரு கொதிகலன் வாங்கினால் 25, 30 ஆண்டு அதோடுதான் குடித்தனம்.

ஃபியூம் ஹூட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்

வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப் புகையை உறிஞ்சும் இந்தக் கண்ணாடிப் பெட்டிதான் வளாகத்தின் மறைமுகப் பெருந்தீனி. திறப்பு 1.5 மீட்டர் அகலம், 0.45 மீட்டர் உயரம். காற்று உள்ளே போகும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் என்று கொள்வோம். மணிக்குச் சுமார் 1,215 கன மீட்டர் காற்று கூரைக்கு மேலே போகிறது. அத்தனையும் சூடாக்கியோ குளிராக்கியோ வைத்திருந்த காற்று. உள்ளுக்கும் வெளிக்கும் ஆண்டுச் சராசரி வேறுபாடு 10 டிகிரிதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு பெட்டி ஆண்டுக்கு 35,000 கிலோவாட் மணிக்கு மேல் வெப்ப ஆற்றலை வெளியே கொட்டுகிறது. ஈரப்பதம் மிகுந்த ஊர் என்றால் ஈரத்தை நீக்கும் செலவு தனி.

கண்ணாடிக் கதவை 10 சென்டிமீட்டருக்கு இறக்கிவைத்தால் ஓட்டம் மணிக்கு 270 கன மீட்டராகக் குறையும் என்று கணக்கு சொல்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய நிலை-ஓட்டப் பெட்டிகளில் கதவை இறக்கினால் மேலே உள்ள மாற்றுவழி திறந்துகொள்ளும். விசிறி அதே அளவுக் காற்றைத்தான் இழுக்கும். ‘கதவை மூடுங்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதால் அங்கே பாதுகாப்பு கூடலாம், மின்கட்டணம் குறையாது. ஓட்டம் மாறக்கூடிய வால்வும் வேகக் கட்டுப்பாட்டு விசிறியும் இருந்தால்தான் மிச்சம். அப்போதும் பெட்டிக்குள் புகை தேங்காதபடி ஒரு குறைந்தபட்ச ஓட்டம் வைத்தாக வேண்டும் என்பதால், முழு 270 வரை இறங்காமல் போகலாம். வேலை நடக்கும் வரிசை முக்கியம்: முதலில் பயன்பாடே இல்லாத பெட்டிகளைக் கண்டுபிடித்து முத்திரையிட்டு நிறுத்துதல், பிறகு வால்வு மாற்றம், பிறகு விசிறி, கடைசியாக ஒவ்வொரு பெட்டியிலும் புகைச் சோதனை. புகைச் சோதனையில் தேறாத பெட்டியில் ஓட்டத்தைக் குறைக்கக் கூடாது. இதில் பேரம் இல்லை.

விசிறி விஷயத்தில் இயற்கை தாராளமாகவே கொடுக்கிறது. ஓட்டத்தை 20% குறைத்தால் விசிறியின் மின்தேவை கிட்டத்தட்டப் பாதியாகும், ஏனென்றால் அது ஓட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களை மைனஸ் 70-க்கு மாற்றுவதும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும். மாதிரிகள் கெட்டுவிடும் என்ற பயத்தில் எதிர்ப்பு வரும். எந்த மாதிரிகளுக்குத் தாங்கும் என்று ஆய்வுக் குழுக்களே முடிவுசெய்யட்டும்.

அளவுகோலின் இரண்டு கேள்விக்கும் இந்தப் பிரிவு ஆம் என்கிறது. மருத்துவமனை, மருந்து ஆலை எல்லாவற்றிலும் இதே விசிறியும் இதே குழாயும்தான்.

வெளியே வாங்குவது

இரண்டு தனித்தனிச் சரக்கை ஒரே பையில் போட்டுக் குழப்புவது வழக்கம். ஒன்று புதிய சூரிய அல்லது காற்றாலைக்கு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம். 2016-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒரு மருத்துவமனையோடும் ஒரு நகரப் பூங்காவின் அறக்கட்டளையோடும் சேர்ந்து வட கரோலினாவில் 60 மெகாவாட் சூரிய நிலையத்தின் மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டது. தனியாகப் போனால் பேசவே வாய்ப்பில்லாத சிறிய வாங்குநர்கள் கூட்டாகப் போகலாம் என்பதால் இது பிறரும் எடுத்துச் செய்யக்கூடிய முறை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் நிலையம் கட்டப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் சான்றிதழை வாங்கினால் காகிதம்தான் இடம் மாறும்.

மற்றொன்று கார்பன் வரவு. எங்கோ காடு அழியாமல் காத்ததாகச் சொல்லும் சான்றிதழ். அந்தக் காடு உங்கள் பணம் இல்லாவிட்டால் அழிந்திருக்குமா, முப்பது ஆண்டு கழித்தும் நிற்குமா என்ற இரண்டுக்கும் உறுதியான பதில் அபூர்வம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2025-க்குள் கார்பன் சமநிலை என்று 2013-இல் அறிவித்தது. பின்னர் வரவுகளின் தரத்தை ஆராய்ந்து, இலக்கையே மாற்றி, 2045-க்குள் மொத்த உமிழ்வில் 90% குறைப்பு என்று வைத்துக்கொண்டது. பின்வாங்கியதாகச் சிலர் சொன்னார்கள். எங்கள் பார்வையில் இந்த விஷயத்தில் ஒரு பல்கலைக்கழகம் எடுத்த நேர்மையான முடிவுகளில் அது ஒன்று. நம் நிதியில் வரவுகளுக்கு இடம் பூச்சியம்.

கணக்கெழுதும்போது ஒரு எச்சரிக்கை. கொள்முதல், பயணம் போன்ற மறைமுக உமிழ்வைப் பல வளாகங்கள் செலவிட்ட பணத்தை, ஓர் அலகுப் பணத்துக்கு இவ்வளவு உமிழ்வு என்ற காரணியால் பெருக்கிக் கணக்கிடுகின்றன. அந்த முறையில், கார்பன் குறைந்த ஆனால் விலை கூடிய பொருளை வாங்கினால் உமிழ்வு கூடியதாகக் காட்டும். பெரிய ஆய்வு நிதி வந்த ஆண்டு மோசமான ஆண்டாகத் தெரியும். மொத்தப் படத்தைப் பார்க்க இந்த முறை போதும். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கவோ முன்னேற்றத்தை அளக்கவோ உதவாது.

ஆய்வும் ஆட்களும்

பொருளாதார வளர்ச்சி என்றதும் எல்லோரும் ஆய்வகத்திலிருந்து பிறக்கும் நிறுவனங்களைத்தான் நினைக்கிறார்கள். கால அளவைப் பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கான லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்முனையை ஜான் குட்இனஃப் குழு ஆக்ஸ்ஃபோர்டில் 1980-இல் வெளியிட்டது. சோனி அதை விற்பனைப் பொருளாக்கியது 1991-இல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு 1980களில் உருவாக்கிய ‘பெர்க்’ சூரிய மின்கலம் உலகச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தது 2010களின் இறுதியில். ஐந்தாண்டு நிதிக்குள் பலன் காட்டச் சொன்னால் இத்தகைய ஆய்வு பொய் சொல்லத் தொடங்கும். மேலும், காப்புரிமை அலுவலகங்களில் பெரும்பாலானவை தம் செலவையே ஈடுகட்டுவதில்லை.

அதே ஆஸ்திரேலியக் கதையில் இன்னொரு இழை இருக்கிறது. அங்கே முனைவர் பட்டம் பெற்ற ஷி செங்ரோங் 2001-இல் சீனாவில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் குழுவில் பயின்ற வேறு பலரும் அங்கே தொழிலுக்குப் போனார்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையில் சூரியத் தகட்டின் விலை ஏறத்தாழ 90% வீழ்ந்ததற்குப் பின்னால் அந்தத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பரிசோதனைக் கூடத்தில் இருந்த நுட்பம் பெரும்பாலும் ஆட்களின் தலைக்குள் பயணம் செய்தது. எனவே ஆய்வா பயிற்சியா என்று பிரித்துக் கேட்பதே அவ்வளவு சரியில்லை. பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ்) ஆய்வில் ஏற்கெனவே இருபது ஆண்டு ஆழம் உள்ள துறை இருந்தால் அதற்குப் பணம் கொடுங்கள். இல்லாத இடத்தில் புதிதாகப் பேட்டரி ஆய்வகம் கட்டுவதைவிட ஆட்களை உருவாக்குவது மேல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஆட்களை உருவாக்குவது என்றால் ‘நிலைத்தன்மை’ என்று பெயரிட்ட ஒரு விருப்பப் பாடம் போதாது. ஹீட் பம்ப்பை நிறுவி ஓடவைத்துச் சரிபார்க்கத் தெரிந்தவர், கட்டடக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பிழை பிடிக்கத் தெரிந்தவர், உமிழ்வுக் கணக்கைத் தணிக்கை செய்யத் தெரிந்தவர் ஆகியோருக்குத்தான் பஞ்சம். பாடத்தை வளாகத்தின் கொதிகலன் கூடத்திலேயே நடத்தலாம். மேலே சொன்ன 8,760 வரிகளை மாணவர்கள் சேகரிக்கட்டும். குளிர் வாரச் சோதனையை அவர்களே நடத்தட்டும். இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பராமரிப்புப் பிரிவு தரவைக் கொடுக்காது. கோளாறு வெளியே தெரிந்தால் தம்மீது பழி வரும் என்று அவர்கள் அஞ்சுவது இயல்பு. தரவைத் திறப்பது யார் பொறுப்பு, கோளாறு கண்டால் நடவடிக்கை ஆள்மீது அல்ல, அமைப்புமீது என்பதைத் துணைவேந்தர் எழுத்தில் தராவிட்டால் பாடம் புத்தகத்திலேயே நின்றுவிடும்.

பங்கீடு

வேதியியல், உயிரியல் ஆய்வகங்கள் நிறைந்த பெரிய பல்கலைக்கழகம் என்றால், 100 பங்கில் 60 வளாகத்துக்கு. அதில் ஆய்வகக் காற்றோட்டம் முதலில், குழாயும் ஹீட் பம்ப்பும் அடுத்து. அளவிகளுக்கும் தரவை வெளியிடுவதற்கும் 5 தனியாக. இதை 60-க்குள் சேர்த்தால் செலவு எகிறும் முதல் மாதத்திலேயே வெட்டப்படும். பயிற்சிக்கு 20, ஆழமுள்ள ஆய்வுக்கு 15. மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் முதலீடு வேண்டியதில்லை, வழக்கறிஞரும் பொறுமையும்தான் வேண்டும்.

கற்பித்தலே முதன்மையான, ஆய்வகம் குறைந்த நிறுவனத்தில் வரிசை தலைகீழ். பயிற்சிக்குப் பாதிக்கு மேல் கொடுக்கலாம். வளாகத்தில் விளக்கு, நேரக் கட்டுப்பாடு, வெப்பக்காப்பு போன்ற சிறு வேலைகள் போதும். சொந்த ஆய்வகம் வேண்டாம். வளர்ந்துகொண்டிருக்கும் புதிய நிறுவனம் என்றால், இந்த முழுப் பங்கீட்டையும் ஓராண்டு தள்ளிவைத்து, அந்த வகுப்பறைப் பதிவை முதலில் எடுங்கள். அடுத்த கட்டடத்தின் வரைபடம் அதற்குள் ஒப்புதலுக்கு வந்தால், பதிவு முடியும் வரை கையெழுத்துப் போட வேண்டாம்.